கெமிஸ்ட்ரி படித்தால் திருப்பூரில் என்ன வேலை?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து பத்து நாள் போனால் போதும், திருப்பூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். பி.காம் கிடைத்ததா, பி.காம் சி.ஏ. கிடைத்ததா, இல்லை காஸ்ட்யூம் டிசைனா? மார்க் குறைந்துபோய், அல்லது அப்ளிகேஷன் போடத் தாமதமாகி, ஏதோ ஒரு பெண் பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரியில் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தால் மாமாக்கள் விசாரிக்கிற தொனியே மாறிவிடும். "ஏன் கண்ணு, காமர்ஸ் கிடைக்கலையா? கெமிஸ்ட்ரி படிச்சு என்ன பண்றது, டீச்சர் வேலைக்குப் போறதா?"

இதைக் கேட்கிற மாமா சாயப்பட்டறை வைத்திருப்பவராகவும் இருக்கலாம் என்பதுதான் இந்த ஊரின் தமாஷ். பிளீச்சிங்குக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, காஸ்டிக். சாயம் ஏற உப்பு. சாயம் துணியைப் பிடித்துக்கொள்ள சோடா ஆஷ். அப்புறம் அசிட்டிக் ஆசிட், சோப்பு, சாஃப்ட்னர். காலையிலிருந்து ராத்திரி ஷிஃப்ட் முடியும்வரை நடப்பது முழுக்க கெமிஸ்ட்ரிதான். ஆனால் அதைப் படித்தவருக்கு வேலை இல்லை என்று அந்த ஊரே நம்புகிறது!

மருந்து கம்பெனி வேலையோ, டியூஷன் சென்டரோ இங்கே பேச்சில்லை. இது சுற்றுச்சூழல் வேதியியல், ரசாயன இடர் மதிப்பீடு என்ற இரண்டு துறைகளைப் பற்றியது. பெயர் பெரிதாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். முதலாவது, ஒரு ரசாயனம் பட்டறையை விட்டு வெளியே போனபின் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது என்று பார்க்கிற வேலை. இரண்டாவது, அது யாரை, எந்த அளவில், எந்த வழியாகத் தொடுகிறது, தொட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிற வேலை. திருப்பூருக்கு மிகவும் தேவைப்பட்ட இரண்டு படிப்புகள் இவைதான். ஆட்கள் இல்லாததற்கு ஊர் கொடுத்த விலையும் அதிகம். இன்றைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் பாதி வேலையைத்தான் அவர்களிடம் வாங்குகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு.

முதலில் ஒரு கணக்கு. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும், ஏனென்றால் இதுவும் இரட்டைப் பதிவுதான்.

காட்டன் துணிக்கு இங்கே பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் போட்டதும் இந்தச் சாயம் தானாகப் போய்த் துணியில் ஒட்டிக்கொள்ளாது. பருத்தி இழைக்குத் தண்ணீரில் எதிர் மின்னூட்டம், சாயத்துக்கும் எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் உப்பைக் கொட்டினால்தான் அந்தத் தள்ளல் அடங்கிச் சாயம் துணிப் பக்கம் நகரும். உப்பு என்றால் ஏதோ விசேஷ ரசாயனம் இல்லை, ரசத்தில் போடுகிற அதே சோடியம் குளோரைடு. இல்லையென்றால் கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட்.

ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். நடுத்தர ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு. 8 பெருக்கல் 60, 480 கிராம். ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு! கறுப்பு, நேவி ப்ளூ என்றால் இன்னும் மேலே. தினம் 5 டன் துணி போடுகிற ஒரு பட்டறைக்கு இதே கணக்கில் 2,400 கிலோ. வருடத்தில் 300 நாள் ஓடினால் 720 டன்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்த 720 டன்னில் எவ்வளவு துணியில் தங்குகிறது? ஒன்றுமே இல்லை. உப்பு சாயத்தைத் தள்ளிவிடுகிற தரகர் மட்டும்தான், அதுவே துணியில் சேராது. வேலை முடிந்ததும் அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பற்று 720 என்றால் வரவும் 720 ஆக இருந்தாக வேண்டும். பட்டறைக்குள் இல்லை, பனியனிலும் இல்லை என்றால் எங்கே?

நொய்யலில்.

சுற்றுச்சூழல் வேதியியலின் முதல் பாடம் இந்த ஒரு வரிதான். உள்ளே போன பொருள் வெளியே வந்தாக வேண்டும், வராக் கடன் என்று தள்ளுபடி செய்ய இந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது. முதல் வருட மாணவர் ஒருவர் ஒரு பேப்பரில் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கைப் போடாமல்தான் ஒரு தொழில் நகரம் இருபது வருடம் ஓடியது.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோயமுத்தூர் வழியாகத் திருப்பூருக்கு வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. திருப்பூரைத் தாண்டியதும் சென்னிமலை பக்கம் ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டினார்கள். மழை வெள்ளத்தைத் தேக்கி விவசாயிக்குக் கொடுப்பது திட்டம். தேங்கியது சாயக்கழிவு. எந்தத் தண்ணீரைத் திறக்கச் சொல்லி மற்ற ஊர் விவசாயிகள் போராடுவார்களோ, அந்தத் தண்ணீரைத் திறக்காதே என்று கீழ்ப்பகுதி விவசாயிகள் போராடிய அணை இது. உலகத்தில் வேறு எங்காவது இப்படி ஓர் அணை இருந்தால் ஆச்சரியம்தான்.

சுத்திகரிப்பு நிலையங்களே இல்லையா என்றால், இருந்தன. 1990களின் கடைசியிலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைத் திரித்துக் கீழே படியவிடுவார்கள். மேலே வருகிற தண்ணீர் நிறம் குறைந்து தெளிவாக இருக்கும். பார்க்கிறவர்களுக்குத் திருப்தி. ஆனால் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது, சுண்ணாம்புக்கும் பயப்படாது. சொல்லப்போனால் போடுகிற ரசாயனத்தால் கரைந்த திடப்பொருள் அளவு கொஞ்சம் கூடவே செய்யும். வெளியேற்ற அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். மேலே போட்ட கணக்கில் அந்த 480 கிராம் உப்பை, அலசுகிற தண்ணீரெல்லாம் சேர்த்து 60 லிட்டரில் கலந்தாலும் லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் வரும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நிலையத்தின் வரைபடத்தைப் பார்த்த நிமிடமே "இதில் உப்பு எங்கே பிரிகிறது?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கேட்டவர்கள் இருந்திருக்கலாம், ஆனால் முடிவெடுக்கிற நாற்காலியில் அவர்கள் இல்லை.

உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் என்ன நடக்கும் என்பதும் கெமிஸ்ட்ரிதான். மண்ணில் களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கால்சியம். சோடியம் அதிகமாக வந்தால் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மண் பொலபொலப்பை இழந்து இறுகிவிடும், தண்ணீர் இறங்காது, வேர் மூச்சுவிட முடியாது. கிணறு இருக்கும், கிணற்றில் தண்ணீரும் இருக்கும், பயிர்தான் இருக்காது.

இழப்பீடு கணக்கிட அமைத்த ஆணையம் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று சொன்னது. கோடி என்றதும் பெரிதாகத் தெரிகிறது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 8,700 ரூபாய்கூட வராது. ஒரு தென்னந்தோப்பின் விலை அது இல்லை என்பதை எந்தக் கொங்கு நாட்டுக்காரருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்புறம் நடந்தது செய்தித்தாள் படித்தவர்களுக்குத் தெரியும். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியே விடுகிற கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறுகிற அபராதம், ஒரு சொட்டுகூட வெளியேற்றாத நிலைக்குக் கெடு. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பட்டறைக்காரர்கள் பக்கம் நிற்கவில்லை, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. கெடுக்கள் வந்தன, போயின. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியூருக்குத் துணி அனுப்பிச் சாயம் போட்டார்கள். கட்டிங், ஸ்டிச்சிங், பிரின்டிங், செக்கிங் என்று சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட வேலை இல்லாமல் ஊர் திரும்பினார்கள். அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்துத்தான் சுத்திகரிப்பு நிலையங்களைத் தூக்கி நிறுத்தியது.

கணக்கியல் தரநிலை 29 என்று ஒன்று பி.காமில் வருகிறது. இன்னும் உறுதியாகாத, ஆனால் வரக்கூடிய பொறுப்பை எப்போது கணக்கில் காட்ட வேண்டும் என்பது அதன் விஷயம். பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். 1990களில் இந்த ஊரின் எத்தனை சாயப்பட்டறை பேலன்ஸ் ஷீட்டில் நொய்யலுக்கு ஒரு ஒதுக்கீடு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், ஆடிட்டர்களைத் திட்டவும் மனம் வராது. ஆற்றில் எத்தனை டன் உப்பு போகிறது என்று சொல்ல வேண்டியவர் கெமிஸ்ட். அந்த எண் வந்தால்தானே ஆடிட்டர் அதைப் பணமாக்க முடியும்!

உப்பு விஷமில்லையே, அப்புறம் எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இப்போதும் சிலர் கேட்பதுண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பாட்டிகள் சொல்வதுதான் இடர் மதிப்பீட்டின் மொத்தப் பாடத்திட்டமும். பொருளின் கெடுதல் ஒரு பக்கம், அது நம்மைத் தொடுகிற அளவு இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கினால்தான் இடர். பாட்டில் மூடியிருக்கிற கொடிய விஷத்தின் இடர் பூஜ்யம். ஆற்றில் தினமும் கொட்டுகிற சமையல் உப்பின் இடர் ஒரு மாவட்டத்தையே முழுங்கும்.

இனி இன்னொரு பக்கம். இதில் திருப்பூர் நன்றாகவே தேறியிருக்கிறது.

1895இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாயத் தொழிற்சாலை ஊழியர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதைக் கவனித்து எழுதினார். பென்சிடின், நாப்தைலமின் போன்ற அமீன்கள் மேல் பிற்காலத்தில் குற்றம் உறுதியானது. அஸோ சாயங்களில் சில உடைந்தால் இந்த அமீன்கள் வெளியே வரும். அதனால் 1994இல் ஜெர்மனி அப்படிப்பட்ட சாயங்களுக்குத் தடை போட்டது, 1997க்குள் இந்தியாவும் மொத்தம் 112 சாயங்களைத் தடை செய்தது. (எல்லா அஸோ சாயமும் கெட்டதில்லை. இன்றைக்கு ஓடுகிற ரியாக்டிவ் சாயங்களில் பாதிக்கு மேல் அஸோ வகைதான். 'அஸோ ஃப்ரீ' என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் சொல்ல வருவது தடை செய்த அஸோ இல்லை என்பதைத்தான்.)

ஐரோப்பாவின் வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். சோதனை எப்படி என்பது சுவாரசியம். துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி, 70 டிகிரியில் சோடியம் டைதயோனைட் ஊற்றி அரை மணி நேரம் வைப்பார்கள். சாயம் உடைந்து அமீன்கள் வெளியே வரும், அதை ஜி.சி.எம்.எஸ். கருவியில் அளப்பார்கள். இந்த டைதயோனைட் வேறொன்றும் இல்லை, தப்பாகப் போன ஷேடை உரிக்கப் பட்டறையில் போடுகிற 'ஹைட்ரோஸ்'தான்! படிக்காத சாய மாஸ்டர் தினமும் பக்கெட்டில் செய்கிற அதே வேலையை, ஏ.சி. ரூமில் மைக்ரோலிட்டர் கணக்கில் செய்கிறார் எம்.எஸ்ஸி படித்த பெண். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள சந்தர்ப்பமே வருவதில்லை என்பது வேறு கதை.

இந்தச் சோதனைகளுக்காகவே திருப்பூரில் லேப் வேலை உருவானது. பன்னாட்டு லேப்களின் கிளைகள் உண்டு, ஜவுளிக் குழுவின் லேப் உண்டு, பக்கத்தில் கோயமுத்தூரில் சிட்ரா உண்டு. 2007இல் ஐரோப்பாவின் 'ரீச்' சட்டம் வந்தபின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து, துவைக்கக்கூடிய துணிகளில் நோனைல் ஃபீனால் எத்தாக்சிலேட் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது சோப்பிலும் வெட்டிங் ஏஜென்ட்டிலும் ஒளிந்து வருகிற சரக்கு. குழந்தைத் துணியில் ஃபார்மால்டிஹைடு இருந்தால் ஆர்டரே போச்சு. நீர் ஒட்டாத ஃபினிஷில் வரும் பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்களைப் பிரான்ஸ் 2026 ஜனவரியிலிருந்து உடைகளில் தடை செய்திருக்கிறது. பாலியஸ்டர், ஸ்போர்ட்ஸ்வேர் என்று ஊர் திரும்புகிற நேரத்தில் இதெல்லாம் சின்ன விஷயமில்லை.

ஆக, வேலை இருக்கிறது. மாமாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இங்கே நிறுத்திக்கொண்டால் இது ஏதோ கோச்சிங் சென்டர் நோட்டீஸ் ஆகிவிடும்.

ஒரே ஒரு ரியாக்டிவ் சாயப் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்க்கில் டி-ஷர்ட் போடுகிறவருக்கு அதனால் ஆபத்து அனேகமாக இல்லை. சாயம் இழையோடு வேதிப்பிணைப்பில் கட்டுப்பட்டுவிட்டது, மிச்சம் அலசிப் போய்விட்டது. ஆனால் அதே பவுடரை டிரம்மிலிருந்து அள்ளித் தராசில் போடுகிற பையன்? கலர் கிச்சனில் எழும் அந்தத் தூசு நுரையீரலுக்குப் போனால் சிலருக்கு ஆஸ்துமா வரும். ரியாக்டிவ் சாயத் தூள் அப்படிச் செய்யக்கூடியது என்பது மருத்துவ உலகம் நீண்ட நாளாக அறிந்த விஷயம். ஒரே பொருள், இரண்டு மனிதர்கள், இரண்டு வேறு இடர். முதல் மனிதருக்குச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டாவது மனிதர் பெயர் எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

அவர் மூக்கில் கட்டியிருப்பது பெரும்பாலும் கர்ச்சீப். அந்தச் சாயத்துக்கு 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் ஏடு ஒன்று உண்டு. எட்டாவது பிரிவில் என்ன மாஸ்க் போட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கும். ஆங்கிலத்தில். ஃபைலில். ஆபீஸ் பீரோவில். அள்ளுகிறவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருந்தால் தமிழில் இருந்தாலும் பயனில்லை.

அதைவிடக் கொடுமை தொட்டி. கிளாபர் உப்பு சல்பேட் என்று மேலே பார்த்தோம். காற்றில்லாத சேற்றில் அந்தச் சல்பேட்டைத் தின்கிற பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 'நாற்றம் போயிருச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நிமிடம்தான் மிகவும் ஆபத்தான நிமிடம். இறங்கியவர் மயங்கினார், தூக்கப் போனவரும் மயங்கினார் என்ற செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்தாயிற்று! கையடக்க வாயு மீட்டர் ஒன்றும், 'இந்த மீட்டர் சரி சொல்லும்வரை யாரும் இறங்கக் கூடாது' என்று உரக்கச் சொல்லும் அதிகாரமுள்ள ஒரு கெமிஸ்ட்டும் இருந்திருந்தால் அவற்றில் பல செய்திகள் வந்திருக்காது.

இதுதான் பாதி வேலை என்று சொன்னதன் அர்த்தம். ஊரில் கெமிஸ்ட்ரிக்குச் சம்பளம் கொடுப்பது கடைசியில் வெளிநாட்டு பையர். அதனால் கெமிஸ்ட் காப்பாற்றுவதும் பையரின் கஸ்டமரை. சட்டையை அளக்கிறார்கள், சட்டைக்குப் பின்னால் இருக்கிற கைகளை அளப்பதில்லை. பையர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, 2011இல் கிரீன்பீஸ் 'டீடாக்ஸ்' போராட்டத்தைத் தொடங்கியபின் பெரிய பிராண்டுகள் சேர்ந்து ரசாயனப் பட்டியல் போட்டு, பட்டறைக்குள் வருகிற டிரம்மையும் வெளியே போகிற தண்ணீரையும் கேள்வி கேட்க ஆரம்பித்தன. அது நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்வியும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வர வேண்டியிருந்தது என்பதுதான் உறுத்துகிறது. நொய்யல் இங்கேதானே ஓடுகிறது?

"அதான் எல்லாம் ஜீரோ டிஸ்சார்ஜ் ஆயிருச்சேங்க, இன்னும் என்ன?" என்பார் மாமா. நியாயமான கேள்வி. 2011க்குப் பின் திருப்பூர் செய்தது உண்மையிலேயே பெரிய காரியம். கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். அருள்புரம் நிலையத்தில் அந்த உவர்நீரையே சாயம் போடத் திருப்பிப் பயன்படுத்திக் காட்டினார்கள். உலகத்தில் வேறு பல ஜவுளி ஊர்கள் இன்னும் கனவு காண்கிற விஷயம் இது. பெருமைப்படலாம்.

ஆனாலும் இரட்டைப் பதிவு விடாது. தண்ணீரிலிருந்து எடுத்த உப்பு எங்கே? சுத்தமான உப்பு மறுபடி சாயத்துக்குப் போகிறது, சரி. குளோரைடும் சல்பேட்டும் அழுக்கும் கலந்து வருகிற கலப்பு உப்பு? அதை யாரும் வாங்குவதில்லை. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்குகிறார்கள். மழை படாமல் வைத்திருக்க வேண்டும், பட்டால் மறுபடி நொய்யல் கதை. ஆவியாக்க எரிக்கிற விறகும் மின்சாரமும் காற்றில் ஒரு கணக்கை எழுதுகின்றன. உப்பு குறைவாகக் கேட்கிற சாயங்கள், தண்ணீர் குறைவாகக் குடிக்கிற மெஷின்கள் என்று முன்பக்கத்தில் மிச்சம் பிடிப்பதுதான் மலிவான வழி. அந்த முடிவு சாயம் வாங்குகிற பர்ச்சேஸ் மேஜையில் எடுக்கப்படுகிறது. அந்த மேஜையில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர் பி.காம். அவர் பார்ப்பது கிலோ என்ன விலை என்று. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அந்தச் சாயத்தில் ஒரு கிலோ வாங்கினால் எத்தனை கிலோ உப்பும் எத்தனை லிட்டர் தண்ணீரும் பின்னால் வரும் என்று சொல்கிற ஒருவரை உட்கார வைத்தால், அவர் சம்பளம் ஆவியாக்கியின் விறகுச் செலவிலேயே வந்துவிடும்.

இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்குச் சில உண்மைகள். முதல் இரண்டு வருடம் அலுப்பாக இருக்கும். பி.எச். பார், டி.டி.எஸ். பார், சி.ஓ.டி. பார், ரிஜிஸ்டரில் எழுது. சேர்ந்த புதிதில் கையில் வருகிற பணத்தைப் பக்கத்து வீட்டு மெர்ச்சண்டைசர் பெண்ணின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வருத்தம்தான் வரும். பி.எஸ்ஸியோடு நிறுத்தினால் டைட்ரேஷனோடு நின்றுவிடுகிற ஆபத்து உண்டு. எம்.எஸ்ஸி பண்ணுங்கள், கருவிப் பகுப்பாய்வு நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். கோயமுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கலாம். நச்சியல் பக்கம் ஆராய்ச்சி என்றால் லக்னோவில் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்று ஒரு பதவியே உண்டு. புள்ளியியலைக் கண்டு ஓடாதீர்கள், இடர் மதிப்பீட்டில் பாதி அதுதான்.

இன்னொன்று, எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராதது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் வரும். "கன்டெய்னர் நாளைக்குக் கிளம்புதுங்க, ரிப்போர்ட் கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க." 34 வந்திருக்கும், வரம்பு 30. நாலுதானே வித்தியாசம் என்பார்கள். அந்த ஃபோனை எப்படிப் பேசி வைப்பது என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது. ஆடிட்டருக்கு வருகிற அதே ஃபோன்தான் இதுவும். ஆடிட்டருக்குப் பின்னால் நிற்க ஒரு இன்ஸ்டிடியூட் இருக்கிறது. லேப் கெமிஸ்ட்டுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? அப்படி ஓர் அமைப்பு வேண்டும் என்று ஏற்றுமதியாளர் சங்கங்கள் கேட்டால் ஊருக்கு நல்லது. கேட்பார்களா என்பது :-)

இப்போதே, காசில்லாமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பி.எஸ்ஸி முதல் வருட பிராக்டிகலில் குளோரைடு அளக்கிற டைட்ரேஷன் வரும். வாலை வடிநீரில் உப்பைக் கரைத்துக் கொடுப்பார்கள். சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விட்டு, செங்கல் நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். விடை எல்லோருக்கும் ஒன்றேதான், சீனியர் நோட்டில் ஏற்கெனவே இருக்கும். அதற்குப் பதிலாக வீரபாண்டி, மங்கலம், ஆண்டிபாளையம், காசிபாளையம், மண்ணரை என்று அவரவர் வீட்டுக் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் என்ன? குடிநீரில் குளோரைடு 250 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1,000 வரை என்பது இந்தியத் தரநிலை. நாற்பது பேர், நாற்பது கிணறு, வருடா வருடம். பத்து வருடத்தில் அந்த ரெக்கார்டு நோட்டுகளில் இருக்கிற வரைபடம் வேறு எந்த ஆபீஸிலும் கிடைக்காது.

அந்த டைட்ரேஷனில் நிறம் காட்டச் சேர்க்கிற பொட்டாசியம் குரோமேட் ஒரு ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் வரவைக்கக்கூடியது. பிராக்டிகல் முடிந்ததும் அதை எங்கே ஊற்றுகிறார்கள் என்று லேப் சிங்க்கைப் பார்த்தால் தெரியும். வேலையை அங்கேயிருந்தே ஆரம்பிக்கலாம்.